வரைபடத்தில் இல்லாத இடம்

"வெள்ளிக்கிழமை வேண்டாம். தேதியைத் தள்ளிப் போடுங்க," என்றாள் ரோசலி, வனத்துறைக் கூட்ட அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

எமெட்டுக்குச் சுரீரென்றது. அந்தப் பொதுக் காட்டின் நிர்வாகத் திட்டத்தைப் புதுப்பிக்க அவன் ஒன்பது வருடம் உழைத்திருந்தான். எங்கே மரம் வெட்டலாம், எங்கே மாடு குதிரை மேயலாம், எங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்று நாலு லட்சம் ஏக்கருக்கும் எழுதி முடித்தாகிவிட்டது. மக்கள் பார்வைக்கு வைக்கும் தேதிதான் நாலு முறை தள்ளிப் போயிருந்தது. இன்னொரு முறை தள்ளினால் மேலிடம் வேறு காட்டைக் கையில் எடுத்துவிடும். 1987-ல் எழுதிய பழைய திட்டமே இன்னும் எத்தனை வருடம் ஓடுமோ!

"நான் சொல்லல?" என்று சிரித்தார் காட்டின் மேலதிகாரி கிளேட்டன். "கடைசி நேரத்துல கட்டையைப் போடுவாங்கன்னு!"

ரோசலி பழங்குடி மன்றத்தின் அதிகாரி. முன்னோர்களின் இடங்களைக் காப்பது அவள் பொறுப்பு. ஆகஸ்டில் ஒருநாள் எமெட்டின் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஒரு வரைபடத்தை விரித்து விரல் வைத்துக் காட்டினாள். "இந்த நாப்பது ஏக்கரை மூடணும். ஆனா திட்டத்துல இடத்தோட பேரும் வரக் கூடாது, படமும் வரக் கூடாது. யாருகிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது." கிளேட்டனிடமும், வரைபடம் போடும் ஜானினிடமும் அப்படியே தனித்தனியாகப் போய்க் காட்டிவிட்டு, படத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"எழுத்துல குடுத்தா என்ன?" என்று எமெட் அப்போதே கேட்டான்.

"போன திட்டத்துல எங்க கல்லறைங்களைப் புள்ளி வச்சு அச்சடிச்சீங்க. ஒரே மாசம். பாசி மணிக்காக எங்க பாட்டன் பூட்டனையெல்லாம் தோண்டிப் போட்டுட்டாங்க. எலும்பைப் பொறுக்கி மறுபடி புதைச்சவங்கள்ல நானும் ஒருத்தி."

அன்றைக்கு எமெட்டுக்குத் தலை நிமிரவில்லை. ஆனால் அதன் பிறகு கிளேட்டன் காப்பி குடிக்கிற நேரமெல்லாம் ஒரு வார்த்தை போட்டுக்கொண்டே இருந்தார். "கல்லறையாவது ஒண்ணாவது! அவங்க குதிரைங்க இத்தனைதான் மேயணும்னு பழைய திட்டத்துல கணக்கே கிடையாது. புதுசுல உண்டு. புரியுதா உனக்கு?" கேட்கக் கேட்க எமெட்டின் மனசிலும் அது ஊறிவிட்டது.

"காரணம் இருக்கு," என்ற ரோசலி ஒரு புகைப்படத்தை மேஜை மேல் வைத்தாள். ஆறு குழிகள். அறுபட்ட வேர்கள். மண் இன்னும் ஈரமாகவே இருந்தது. "சனிக்கிழமை தோண்டியிருக்காங்க."

"ஐயோ, அந்த இடத்துலயா?" ஜானின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்றத்துக்கு வெளியில விஷயம் தெரிஞ்சது இந்த ரூம்ல இருக்கற மூணு பேருக்குத்தான். யாரு வழியா போச்சுன்னு தெரியாம திட்டத்தை வெளியிட விட மாட்டோம்."

"ஏம்மா, எங்களையே திருடங்கன்னு சொல்றியா?" கிளேட்டன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க ஆளுங்களே எங்கயாவது உளறியிருப்பாங்க. இல்ல, தள்ளிப் போடறதுக்காக நீங்களே ரெண்டு குழியைத் தோண்டி..."

"கிளேட்டன்!" என்று ஜானின் அதட்டினாள்.

எமெட்டும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். புகைப்படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

"அதை எதுக்கு நோண்டிக்கிட்டு? வெள்ளிக்கிழமை வெளியிடறோம், அவ்வளவுதான்," என்றார் கிளேட்டன்.

எமெட் காதில் வாங்கவில்லை. குழியைச் சுற்றி மஞ்சள் ஊசியிலை கொட்டிக் கிடந்தது. லார்ச் மரத்து இலை. பின்னால் சரிவும் பாறையும் தெரிந்தன. பிடித்துவிட்டான்!

"பொய் சொல்றீங்க ரோசலி!" என்று திரும்பினான். "நீங்க காட்டின இடமே இல்ல இது. இது மேட்டுல எடுத்த படம். நீங்க விரல் வச்சது ஓடை வளைவுல. அங்க முழுக்கத் தேவதாருதான், ஒரு லார்ச் கூடக் கிடையாது. வேற எங்கயோ குழியைத் தோண்டிட்டு வந்து எங்க தலையில கட்டறீங்க!"

கிளேட்டனின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஓடை வளைவா?" ஜானின் புருவத்தைச் சுருக்கினாள். "என்ன எமெட் சொல்றீங்க? எனக்குத் தீக்காவல் கோபுரத்துக்குப் பின்னாடியில்ல காட்டினாங்க?"

எமெட் அவளைப் பார்த்தான். பிறகு ரோசலியைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபமே இல்லை. புகைப்படத்தை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி," என்றாள். "மூணு பேருக்கும் மூணு இடம் காட்டினேன். மூணுலயும் வெறும் மண்ணுதான். எங்க பெரியவங்க வேற எங்கயோ நிம்மதியா தூங்கறாங்க."

கிளேட்டன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அந்த லார்ச் மேட்டை மட்டும் ஒரே ஒருத்தருக்குத்தான் காட்டினேன்," என்று சொல்லிவிட்டு, ரோசலி கிளேட்டன் பக்கம் திரும்பினாள்.