பன்னிரண்டு மில்லிசீவர்ட்

"உன் பேட்ஜ்ல பன்னெண்டு மில்லிசீவர்ட் கதிர் காட்டுது தம்பி. வருஷம் முழுக்கவே இருபதைத் தாண்டக் கூடாது!"

பாதுகாப்பு அதிகாரி வால்டர், பீடோங் ஊரில் இருந்த புவனேசனின் வீட்டுக்கே தேடி வந்து சொன்னார். குழாய் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று காமா கதிரை வைத்துப் படம் பிடிப்பது அவன் வேலை. சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜை மாதாமாதம் சோதனைக்கு அனுப்புவார்கள்.

"கதிர் அதிகமானா கத்துற அலாரம்கூட அடிக்கலையே அண்ணே! என்கூட நின்ன ஜெயகுமாருக்கு?"

"அவனுக்கு ஒண்ணுமே இல்லை. அதான் மண்டையைக் குடையுது லா."

தேநீர் கொண்டு வந்த மனைவி சாந்தினி அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்தக் கதிர் பட்டா என்னண்ணே ஆகும்?"

"ஆல்பா கதிரைத் தடுக்க ஒரு காகிதம் போதும். பீட்டாவை அலுமினியத் தகடு தடுத்திடும். காமா இருக்கே, உடம்புக்குள்ளயே பூந்து போகும்மா. அணுவுல இருக்கிற எலக்ட்ரானைத் தட்டி விட்டுடும். செல் கெட்டுப்போனா பின்னாடி புற்றுநோய்கூட வரலாம். இது ஆஸ்பத்திரியில ஒரு ஸ்கேன் எடுத்தா படுற அளவுதான், பதறாதே. ஆனா எப்படிப் பட்டுச்சுன்னு தெரியிற வரைக்கும் இவன் வேலைக்கு வரக் கூடாது. ரத்தமும் டெஸ்ட் பண்ணணும்."

சாந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேட்ஜ் போட்டுக்கிட்டுத்தானே போனாரு? அது தடுக்காதா?"

"அது எங்கம்மா தடுக்கும்? எவ்வளவு பட்டுச்சுன்னு கணக்குதான் சொல்லும்."

சாந்தினி கணவனை முறைத்தாள்.

"இது நெஞ்சுல இருக்கிற வரைக்கும் ஒரு கதிரும் கிட்ட வராதுன்னு சாமி சத்தியமா சொன்னீங்களே!"

"நீ பயப்படக் கூடாதுன்னுதான்..." புவனேசன் தலையைச் சொறிந்தான்.

"அட கடவுளே! அப்படின்னா உங்களுக்கு ஒண்ணுமே இல்லைங்க!"

சாந்தினி அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு ஆண்களும் திருதிருவென்று விழித்தார்கள்.

"போன மாசம் லீவு போட்டுட்டு தஞ்சோங் டாவாய் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போனீங்கல்ல? அன்னிக்குத்தான் என் வயித்துவலிக்கு சிடி ஸ்கேன். நீங்க பயப்படக் கூடாதுன்னு நானும் சொல்லலை. வயித்துல ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாங்க. ஆனா அந்த மெஷின் கதிர் என்கிட்ட வரக் கூடாதேன்னு, நீங்க வீட்டுல விட்டுட்டுப் போன பேட்ஜைத் தாயத்தாட்டம் இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் போய்ப் படுத்தேன்!"