குண்டு தெரிகிற துப்பாக்கி

கல்குவாரிமேல் வழக்குப் போட்டதற்காகத் தில்லைநாயகியின் கணவர் பரஞ்சோதியை வீட்டு வாசலிலேயே வெட்டிப் போட்டார்கள். நேரில் பார்த்த ஒரே சாட்சி அவள்தான். வெட்டியவர்கள் ஜாமீனில் வந்து, தெருமுனையில் பைக்கை நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாள்.

லைசென்ஸ் கைக்கு வந்து, இன்று துப்பாக்கிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னால் மகள் இளவேனில் நின்றிருந்தாள். அப்பா செத்த நாளிலிருந்து அவள் அழவே இல்லை. மொட்டைமாடியில் நின்று அந்தத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைக்காரர் ஒரு பிஸ்டலை எடுத்து வைத்தார். “கைக்கு அடக்கமா இருக்கும்மா. பொம்பளைங்க இதைத்தான் கேப்பாங்க.”

“உள்ளே குண்டு இருக்கா இல்லையான்னு எடுத்துப் பிரிக்காம தெரியுமா?”

“இதுல தெரியாது. ரிவால்வர்னா பின்பக்கம் இடைவெளியில பாத்தாலே தெரியும். ஆனா கனம் ஜாஸ்தி.”

“அதையே கொடுங்க.”

“எதுக்கும்மா அப்படி?”

மகளுக்குக் கேட்காதபடி தில்லைநாயகி குரலைத் தாழ்த்தினாள். “பீரோவுல வச்சுட்டு, தினமும் காலையில எண்ணிப் பாக்கணும்.”

அவருக்கு விளங்கவில்லை. ரிவால்வரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபடி, “குண்டு எத்தனை போடட்டும்?” என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து இளவேனிலின் குரல் வந்தது.

“லைசென்ஸ்ல எத்தனை வாங்கலாமோ, அத்தனையும்.”