மத்தியானத் தரிப்பு

கல்முனை பிரதான வீதியில் மிஹ்லாரின் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் குறைவு. போனுக்கு பற்றறி வாங்கப் போனவன் மின்விசிறியோடு வெளியே வருவான். யுத்தம் முடிந்து, ஊரே வாடகைக்கு வான் பிடித்து யாழ்ப்பாணம், நுவரெலியா என்று சுற்றத் தொடங்கியதும், வாகனத்துக்கு வழி சொல்லும் ஜி.பி.எஸ். பெட்டிகளைக் கொழும்பிலிருந்து இறக்கிக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிவிட்டான்.

அதில் ஒன்றைத் தேடித்தான் பாண்டிருப்புக் கந்தப்போடி வந்தார். வயலும் வானும் உள்ள மனிதர். ஆனால் காசை எடுப்பதற்குள் சட்டைப்பை கிழிந்துவிடும்.

"இருங்க போடியார், முதல்ல தேத்தண்ணி குடிங்க. நுஸ்ஹா பிளாஸ்கில ஊத்திக் குடுத்தது. பால்மா விலை ஏறி ஊரெல்லாம் வெறுந்தேத்தண்ணி. எங்கட ஊட்டுல மட்டும் குறையே இல்ல. குடும்பம் நடத்துறதெண்டா அவதான்!"

கந்தப்போடி ஒரு மிடறு குடித்தார். "நல்ல தடிப்பு" என்று மனசாரச் சொன்னார்.

மிஹ்லார் பெரிய பெட்டியை எடுத்து வைத்தான். "இது ஆள் மாதிரிக் கதைக்கும்."

"கதைக்கவே கூடாது தம்பி."

"அப்ப இது. வயரை வாகனத்துல குத்தினாச் சரி."

"வயரும் சரிவராது."

கடைசியில் மூலையில் கிடந்த, பற்றறியில் ஓடும் பழைய ஊமைப் பெட்டிதான் மிஞ்சியது. இருப்பதில் மலிவும் அதுதான். மிஹ்லார் அரைமனதோடு நீட்டினான். "இதுட படம் பழசு, போடியார். சுனாமி கொண்டுபோன ரோட்டையெல்லாம் இன்னும் இருக்கெண்டு காட்டும்."

"வழி எனக்குத் தேவல்ல. போய் வந்ததுக்குப் பிறகு, எங்க போனது, எங்க நிண்டது எண்டு காட்டுமா?"

மிஹ்லார் குரலைத் தாழ்த்தினான். "களவா?"

கந்தப்போடி அக்கம்பக்கம் பார்த்தார். "வெளிய சொல்லிராத, சனம் சிரிக்கும். காலையில போறது, அந்தியில வரக்குள்ள சொட்டும் இல்ல. நடுவில ஆரோ களவா எடுக்கிறான்."

டீசல்தான் என்று மிஹ்லாருக்கு உடனே விளங்கிவிட்டது. போடியாரின் வானை ஓட்டுகிறவன் றவூப். நாள் முழுக்கத் தலைவாரிக்கொண்டே இருப்பான். மழைக்கும் கறுப்புக் கண்ணாடி போடுவான். அந்த ஆளைக் கண்டாலே மிஹ்லாருக்கு ஆகாது.

"கவலைய விடுங்க. பெட்டியை என்னட்டக் கொண்டாங்க, களவன்ட வாசலை நான் காட்டுறன். பொலிசுக்கும் நானே கூட்டிப் போறன். அது கடைட சேவை!"

கந்தப்போடி பெட்டியை வாங்கிக்கொண்டார். கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறுதியான நைலோன் கயிறு இருந்தால் தரச்சொன்னார். சீட்டுக்கு அடியில் ஒளித்துக் கட்டப் போகிறார் என்று நினைத்து மிஹ்லார் கண்ணடித்தான்.

அதே கிழமையில் ஒரு நாள், மத்தியானத்துக்குச் சற்று முன், கந்தப்போடி பெட்டியோடு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"வான் எங்க?" என்றான் மிஹ்லார்.

"றவூப் கொண்டு போயிட்டான். மத்தியானத்தில அவனைப் பிடிக்கவே ஏலாது."

மிஹ்லார் கம்பீரமாகப் பெட்டியைத் திறந்து கோட்டின்மேல் விரலை ஓட்டினான். பாண்டிருப்பில் தொடங்கிய கோடு பிரதான வீதியால் வந்து, சந்தைக்குப் பின்பக்கம் சுற்றி, குப்பைமேட்டில் சுணங்கி, சைக்கிளே நெருங்கிப் போகும் ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்து நின்றது. முந்தின நாளும் அங்கேயேதான் நின்றிருந்தது. இரண்டு நாளும் சரியாக மத்தியான நேரம்.

மிஹ்லார் படத்தைப் பெருப்பித்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனான். அது அவனுடைய வீடு.

உண்மையில் அது நுஸ்ஹாவின் வீடு. சீதனமாக வந்தது. விஷயம் பெரிதானால் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டியவன் அவன்தான். அவன் கடையில் வியர்க்க வியர்க்க நிற்கும் நேரத்தில், அவன் வீட்டில், வாரின தலையோடு றவூப்! நுஸ்ஹா மேல் அவனுக்கு உயிர். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன.

"ஆற்ற வீடு தம்பி?"

"ஏறுங்க போடியார், காட்டுறன்!"

மோட்டார் சைக்கிள் பறந்தது. பின்னால் கந்தப்போடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். சந்தியில் நின்ற பொலிஸ்காரர் விசில் ஊதினார். மிஹ்லார் நிற்கவில்லை.

ஒழுங்கை முனையில் இறங்கி, இருவரும் வேலியோரமாகப் பதுங்கிப் போனார்கள். வளவின் பின்பக்கத்திலிருந்து நுஸ்ஹாவின் குரல் கேட்டது. கலியாணம் முடித்த புதிதில்தான் அவன் அந்தக் கொஞ்சலைக் கேட்டிருந்தான்.

"அசையாம நில்லு செல்லம். எங்கட மனிசன் வாறத்துக்குள்ள முடிச்சிருவம்."

"யா அல்லாஹ்!" என்று அலறிக்கொண்டு மிஹ்லார் தகரக் கதவை உதைத்துத் திறந்தான்.

கழுத்தில் அதே நைலோன் கயிறு தொங்க, கந்தப்போடியின் சிவலைப் பசு மரக்கறித் தோலை மென்றபடி நிமிர்ந்து பார்க்க, அதன் மடியடியில் குந்தியிருந்த நுஸ்ஹா, அவனுடைய அந்தித் தேத்தண்ணிக்குப் பால் கறந்துகொண்டிருந்தாள்.