பூரணிக்கு வயது என்ன?

"இந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசெண்டு ஆர் சொன்னது? பதினைஞ்சுக்கு ஒரு நாள் குறையாது. நான் எழுதித் தாறன்!"

அருளம்பலம் மாஸ்டர் விண்ணப்பப் படிவத்தை விரலால் தட்டினார். மேசைக்கு இந்தப் பக்கம் அழகன் கைகட்டி நின்றான். அவன் மகள் பூரணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"பன்னெண்டுதாங்க ஐயா" என்றான் அழகன்.

"பிறப்புப் பத்திரம் கொண்டு வரச் சொல்லிக் கடிதம் போட்டனாங்கள். எங்கை?"

"வீட்டுல... கறையான் அரிச்சிருச்சுங்க."

அது பொய். பத்திரம் அவனுடைய பழைய கறுப்புக் கோட்டின் உள்பையில் இருந்தது. "எத்தனை தடவை கேட்டாலும் வெளிய எடுத்துராதீங்க. எடுத்தா எல்லாம் போச்சு" என்று அவன் மனைவி காளியாயி, பூண்டுலோயாவில் பஸ் ஏறும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்.

1955ஆம் வருடம் அது. ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு மாத விசேஷ வகுப்பு. பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயது வரை, கெட்டிக்காரப் பிள்ளைகள் இருபது பேர் மட்டும். அதில் தேறினால் டவுன் கல்லூரியிலேயே தங்கி ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கலாம். ஆனால் நன்கொடை கொடுத்த கனவான் சீமைக்குப் போகிறார். அடுத்த வருடம் இந்த வகுப்பே கிடையாது.

எழுத்துப் பரீட்சையில் நானூறு பேரில் பூரணிதான் முதல். வினையே அதுதான்.

"அஞ்சாம் வகுப்புக்கு மேலை இல்லாத தோட்டப் பள்ளிக்கூடம். அங்கை படிச்ச பன்னிரண்டு வயசுப் பிள்ளை கணக்கிலை தொண்ணூற்றெட்டு எடுக்குமோ?" என்று பக்கத்தில் இருந்த மஃறூப் மாஸ்டரிடம் கேட்டார் அருளம்பலம்.

"ஆள் சின்னதாத்தானே இருக்கு சேர்" என்றார் மஃறூப்.

"தோட்டத்து லயத்துப் பிள்ளையளுக்கு ஒழுங்கான சாப்பாடு இல்லை. பதினைஞ்சு வயசும் பத்து மாதிரித்தான் தெரியும். இப்பிடி எத்தினை பேரைப் பிடிச்சிருக்கிறன்!"

அழகனுக்குச் சுருக்கென்றது.

"ஒரு கணக்குக் கேட்டுப் பாப்பமே" என்ற மஃறூப், பூரணியிடம் திரும்பினார். "மகள், ஒரு தண்ணித் தொட்டி. சின்னக் குழாய் ஆறு மணித்தியாலத்துல அதை நிரப்பும். பெரிய குழாய் மூணு மணித்தியாலத்துல நிரப்பும். அடியில ஓட்டை ஒண்டு. நிறைஞ்ச தொட்டியை அது நாலு மணித்தியாலத்துல காலியாக்கிரும். ரெண்டு குழாயையும் திறந்துவிட்டா, தொட்டி எப்ப நிறையும்?"

தப்பாகச் சொல்லிவிட மாட்டாளா என்று ஒரு கணம் ஏங்கினான் அழகன். இதுவும் சரியாக வந்தால் சந்தேகம் இன்னும் இறுகிவிடும்.

பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். தாள் கேட்கவில்லை.

"ரெண்டு குழாயும் சேந்தா ஒரு மணிக்குப் பாதித் தொட்டி நிறையுங்க. ஓட்டை கால் தொட்டியக் குடிச்சிரும். மிச்சம் கால் தொட்டிதான் தங்கும்." கண்ணைத் திறந்தாள். "அப்ப நாலு மணி நேரம் ஆகுங்க."

மஃறூப் மேசையில் தட்டிச் சிரித்துவிட்டார்.

அருளம்பலம் சிரிக்கவில்லை. "பாத்தீரோ? இது பன்னிரண்டு வயசு மூளையோ?" பேனாவைத் திறந்தார். "இருக்கிறதே இருபது இடம். வளர்ந்த பிள்ளை ஒண்டு பொய் சொல்லி உள்ளை வந்து, ஒரு சின்னப் பிள்ளையின்ர இடத்தைப் பறிக்க நான் விடமாட்டன். எழும்பு பிள்ளை. அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ."

பூரணி எழவில்லை. பார்த்து எழுதியதாகச் சொல்கிறார் என்று நினைத்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் பொய் சொல்லலைங்க. எல்லாக் கணக்கையும் நானேதான் போட்டேன்." அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "நான் யாரையும் பாத்து எழுதலன்னு சொல்லுங்கப்பா. சொல்லுங்கப்பா!"

தேம்பித் தேம்பி அழுகிற மகளைப் பார்த்தான் அழகன். இடம் போனால் போகட்டும், அவளுக்குக் கள்ளி என்ற பேர் வரக்கூடாது. உள்பையில் கை விட்டு, நான்காக மடித்திருந்த தாளை மேசையில் வைத்தான்.

"பொய் சொன்னது நாந்தாங்க, ஐயா. புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

"கறையான் அரிச்சதெண்டீர்?" என்று ஏளனமாகக் கேட்டபடி அருளம்பலம் தாளைப் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். விரல் மடக்கி எண்ணினார். பிறகு அதை மஃறூப் பக்கம் தள்ளினார்.

மஃறூப் திகைத்து நிமிர்ந்தார். "அழகன், இது இந்தப் புள்ளைட பத்திரம்தானா?"

"ஆமாங்க. பதினொண்ணு ஆகாட்டிச் சேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. அடுத்த வருசம் வகுப்பும் இல்லைன்னாங்க. எனக்கு வேற வழி தெரியலைங்க." அழகன் தலையைக் குனிந்துகொண்டான். "வர்ற ஆவணி வந்தாத்தாங்க இவளுக்குப் பத்து வயசு."

அருளம்பலம் பூரணியைப் பார்த்தார். பின்பு பத்திரத்தை மடித்து அழகனின் கையிலேயே கொடுத்தார்.

"இதை இனி ஒருத்தருக்கும் காட்டாதையும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, படிவத்தை இழுத்துத் தன் கையாலேயே எழுதினார்: 'பிறப்புப் பத்திரம் என்னால் பார்வையிடப்பட்டது. வயது பன்னிரண்டு.'