கவலை தெரிவிக்கிறார்

நகரமன்றக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கேட்டதும் யரேலி எழுந்துவிட்டாள்.

மைக் முன்னால் நின்ற பெட்ரா ஸ்பானிய மொழியில் சொன்னது இதுதான்: "எம் பொண்ணுக்கு ஏழு வயசு. காலையில எந்திரிச்சா தலகாணியெல்லாம் ரத்தம். மூக்குலேருந்து வருது. அந்த மருந்துக் கிடங்கைப் பெருசாக்கணும்னு சொல்றவங்க ஒரு ராத்திரி எங்க வீட்ல வந்து படுங்க."

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார்: "பூச்சிமருந்துக் கிடங்கின் விரிவாக்கம் குறித்து இவர் கவலை தெரிவிக்கிறார்."

அவ்வளவுதான்.

மேடையில் நகரமன்ற உறுப்பினர்கள் ஐந்து பேர். நால்வருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. தலையாட்டினார்கள்.

ஐந்தாவது ஆளுக்குத் தெரியும். கிராசியெலா. திராட்சைத் தோட்டக் கூலிகளின் மகள். அந்தக் கலிஃபோர்னியச் சிறுநகரத்தின் முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் உறுப்பினர்.

அவரும் தலையாட்டினார்.

ஓராண்டாக அவர்தான் யரேலிக்கு வழிகாட்டி. லத்தீன இளம்பெண்களைத் தலைவர்களாக்கும் திட்டத்தில், வந்திருந்த முப்பது பேரில் இவளை அவரே தேர்ந்தெடுத்தார். நூறு பக்க அறிக்கையில் எதை எங்கே ஒளித்து வைப்பார்கள், பேசும்போது குரல் நடுங்கினால் எங்கே மூச்சு வாங்குவது, எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது.

அன்று காலை தொலைபேசியில் கூப்பிட்டதும் அவர்தான்.

"இன்னைக்கு நீ பேச வேண்டாம் யரேலி. நகரத் திட்டக் குழுவுக்கு உறுப்பினரா உன் பேரச் சொல்லி வெச்சிருக்கேன். கெடுத்துக்காத."

யரேலி நடந்துபோய் பெட்ராவின் பக்கத்தில் நின்றாள். காது மடல் வரை சுட்டது.

"இவங்க சொன்னது அது இல்ல. கிராசியெலா, உங்களுக்குப் புரிஞ்சுது. நீங்க சொல்லுங்க."

மேயர் சுத்தியலைத் தட்டினார். பெட்ராவின் விரல்கள் இவள் மணிக்கட்டை இறுக்கின.

கிராசியெலா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

சொன்னார். ஏழு வயது, தலையணை, ரத்தம். ஒன்றையும் விடவில்லை. வந்து படுங்கள் என்றதையும். பிசிறில்லாத ஆங்கிலம்.



அந்த ஒரு நிமிடம் யரேலி அவரை மன்னித்திருந்தாள்.

பிறகு வாக்கெடுப்பு. கிடங்கு விரிவாக்கத்துக்கு ஆதரவாக ஐந்து கைகள். கிராசியெலாவின் கை இரண்டாவதாக உயர்ந்தது.

நடைவழியில் அவர் வேகமாகப் பின்னால் வந்தார். "நான் எதிர்த்திருந்தாலும் நாலுக்கு ஒண்ணு. தோத்திருப்போம். அடுத்த வருஷம் நம்ம பக்கம் பள்ளிக்கூடம் கொண்டுவர இவங்க ஓட்டு எனக்கு வேணும்."

"தோத்திருக்கலாமே," என்றாள் யரேலி.

நவம்பரில் தேர்தல். கிராசியெலாவின் வார்டுக்கும்தான்.

மறுநாள் அவள் நகரமன்ற அலுவலகத்தில் தன் பெயரில் வேட்புமனுப் படிவம் வாங்கினாள். அந்த வார்டின் வாக்காளர்கள் இருபது பேர் கையெழுத்திட வேண்டும்.

கிடங்கை ஒட்டி அறுபது தகர வீடுகள். அவளுடையதும் அதில் ஒன்று. எல்லாக் கதவும் திறந்தது. காபி கொடுத்தார்கள். தோளைத் தட்டினார்கள்.

பெட்ரா பேனாவை வாங்கினாள். படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

பதினான்கு வருடமாக இங்கேதான் திராட்சை பறிக்கிறாள். குடியுரிமை இல்லை.

பக்கத்து வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டில் கணவனுக்கும் இல்லை, மனைவிக்கும் இல்லை. இங்கே பிறந்த மகனுக்கு உண்டு. அவனுக்கு வயது ஒன்பது.

ரத்தம் வரும் மூக்குகளுக்கு ஓட்டு இல்லை.

மூன்று நாள் அலைந்ததில் பத்தொன்பது கையெழுத்து.

இருபதாவதை யாரிடமும் வாங்கலாம். வார்டில் ஆயிரக்கணக்கில் வாக்காளர்கள். கடைத்தெருவில் நின்றால் ஐந்து நிமிட வேலை.

அவள் கிராசியெலாவின் வீட்டு மணியை அழுத்தினாள்.

கோபம் ஆறவில்லை. ஆற அவள் விடவும் இல்லை.

கதவு திறந்தது. ஈரத் தலையும் வீட்டுச் செருப்புமாக நின்றார் கிராசியெலா. யரேலி படிவத்தை நீட்டினாள்.

நின்றபடியே படித்தார். வேட்பாளர் பெயரை. எந்த இடத்துக்கு என்பதை. பிறகு கையெழுத்துகளை, ஒவ்வொன்றாக.

"பெட்ரா போடலையா?"

"அவங்களால போட முடியாது. உங்களால முடியும்."

கிராசியெலா படிவத்தோடு உள்ளே போனார்.

கதவைச் சாத்தவில்லை.

பேனா யரேலியின் கையிலேயே இருந்தது. அவள் அதைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அவரே தேடி எடுத்து வரட்டும்.