நாலு தாலி

“பொய் பேசாத பையனா இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்.”

ஜெகதீஸ்வரி தரகரிடம் வைத்த ஒரே நிபந்தனை இதுதான். காரணம் இருந்தது. மகளுக்கு முதலில் வந்த வரன், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர் என்றான். நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்த்த பிறகுதான், அவனுக்கு வேலை போய் எட்டு மாதமாகிறது என்று தெரிந்தது. மகள் ஒரு வாரம் அறையை விட்டே வெளியே வரவில்லை.

இப்போது வந்திருக்கும் வரன் தயாளன். சூலியா ஸ்திரீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் சொந்தமாகக் கிட்டார் கடை. இந்த முறை யாரையும் நம்புவதாக இல்லை. பெற்றவளே நேரில் போய், சாமான் வாங்க வந்தவள் போல நோட்டம் பார்ப்பதென்று முடிவு.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலம் தாண்டி ஓட்டி வந்த கணவர் முனுசாமி, “எனக்கு நடிக்க வராது, நீ போய்ட்டு வா” என்று காரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடையில் யாரும் இல்லை. பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் போனில் பேசிக்கொண்டிருந்தது.

“அந்தத் தாலி இனிமே தாங்காது லா அண்ணே. அறுத்து வீசிருங்க.”

ஜெகதீஸ்வரிக்குச் சொரேர் என்றது.

“நாளைக்கு வாங்க, நாலு தாலியும் நானே புதுசா கட்டிவிடுறேன். போன வாரம் ஃபராவுக்குக்கூட நான்தான் கட்டிவிட்டேன். அவளுக்கு அஞ்சு தாலி.”

கை தானாகப் போய்க் கழுத்தில் கிடந்ததைப் பிடித்துக்கொண்டது. வெளியே ஓடிவிடலாம் என்று திரும்பினாள்.

“வாங்க ஆன்ட்டி, மன்னிச்சுக்குங்க. பேஸ் கிட்டார் தாலி ஒண்ணு அறுந்துபோச்சாம், அதான் பேசிட்டிருந்தேன்.”

தயாளன் வந்து நின்றான். கையில் சுருட்டிய கிட்டார் கம்பி.

அட, மலாய்த் தாலி. பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிறவளுக்குக் கம்பியைத் தாலி என்பார்கள் என்று தெரியாதா என்ன? தமிழுக்கு நடுவில் வந்து விழுந்ததில் காது ஏமாந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

“என் மகன் பேஸ் கிட்டார் வாசிக்கிறான் தம்பி. அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் வேணும்” என்றாள், முந்தின நாளே மனப்பாடம் செய்த வாக்கியத்தை. அவளுக்கு மகனே கிடையாது.

“எங்க வாசிப்பாரு? மேடையிலயா, வீட்டுலயா?”

“வீட்டுலதான்.”

“தரை வீடா, ஃபிளாட்டா?”

“ஃபிளாட். பதினோராவது மாடி.” பொய் சொல்லாத மாப்பிள்ளையைத் தேடி வந்தவள் சொன்ன இரண்டாவது பொய் இது. “காசைப் பத்தி ஒண்ணும் இல்ல. அதோ அந்தப் பெருசைக் கொடுங்க.”

அது அலமாரி உயரத்துக்கு இருந்தது. விலைச்சீட்டில் இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.

“அது வேணாம் லா ஆன்ட்டி. அதுல வாசிச்சா பத்தாவது மாடியில மங்கு, தட்டெல்லாம் மேசையை விட்டு இறங்கி நடக்கும். மறுநாள் போலீஸ் வரும்.”

அவனே அந்தப் பெட்டியைச் சுவர்ப்பக்கம் தள்ளினான்.

“சரி, வேற என்ன வாங்கலாம்?”

“சத்தம் எப்படி இருக்கு? பிக்கப் மாத்தணும்னு ஏதும் சொன்னாரா?”

“பிக்கப் லாரியெல்லாம் இல்ல தம்பி. எங்ககிட்ட சின்ன காடிதான்.”

தயாளன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு கிட்டாரை எடுத்துக் கம்பிகளுக்கு அடியில் பதித்திருந்த கறுப்புப் பட்டையைக் காட்டினான். “இதுதான் ஆன்ட்டி பிக்கப். கம்பி அதிர்றதைப் பிடிச்சு ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். நல்லதா போட்டா ஐநூறு வெள்ளி ஆகும். ஆனா வீட்டுல வாசிக்கிறவருக்கு அது வீண் செலவு.”

“அப்ப அந்தத் தாலியாவது ஒரு செட் கொடுங்க.”

“எதுக்கு? பழசைக் கழட்டி ஒரு சட்டியில போட்டு பத்து நிமிஷம் கொதிக்க வைங்க. அழுக்கெல்லாம் போயிரும். துடைச்சுக் கட்டினா இன்னும் ஒரு மாசம் ஓடும்.”

தாலியைக் கழற்றிக் கொதிக்க வைக்கச் சொல்லும் மருமகன் யாருக்குக் கிடைப்பான்? ஜெகதீஸ்வரி சிரித்துவிட்டாள்.

“ஒண்ணுமே வாங்காம எப்படித் தம்பி போறது?”

அவன் தலையைச் சொறிந்தான். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். “இதைக் கிட்டார்ல சொருகி ஹெட்போன்ல கேட்டுக்கலாம். யாருக்கும் தொல்லை இல்ல. நூத்தி இருபது வெள்ளி.”

அப்பாடா என்று அவள் கைப்பையைத் திறந்தாள்.

“ஆனா ஆன்ட்டி, இங்க வாங்காதீங்க. ஆன்லைன்ல முப்பது வெள்ளி கம்மி.”

எந்தப் பெயரில், எந்த மாடல் எண்ணில் தேட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தான். வாசல்வரை வந்து, மழை தூறுகிறது, கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையோடு நடந்து போங்கள் என்றும் சொன்னான். ஜெகதீஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா?

காரில் ஏறியதும் முனுசாமி கேட்டார். “பையன் எப்படி?”

“தங்கம்ங்க. வாயில ஒரு பொய் வரலை. ரெண்டாயிரத்து நானூறு வெள்ளி சாமானைக் கொடுன்னு நானே நிக்கிறேன், வேணாங்கிறான்.”

“அப்ப தரகருக்கு போன் போட்டு சரின்னு சொல்லிரவா?”

“வேணாங்க. வேற இடம் பார்க்கச் சொல்லுங்க.”

முனுசாமி சாவியைத் திருப்பாமல் அவளையே பார்த்தார். “நீதானே பொய் பேசாத பையன் வேணும்னே?”

“நம்ம பொண்ணுகிட்டப் பொய் பேசக்கூடாதுன்னு சொன்னேன். கடைக்கு வர்ற ஆளுங்ககிட்டயும் பேசமாட்டான்னா, எம்பொண்ணு எதைங்க சாப்பிடும்?”