ஆமையின் பதில்கள்

ஆமையை மைனா கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அது காட்டின் வலைத்தள மன்றத்தில், கோடையில் ஊற்று எங்கே சுரக்கும் என்று யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தது.

அது இறந்த மறுமாதமே தளத்தை நடத்திவந்த காகம் அதற்குப் புது மென்பொருளைத் தேர்ந்தெடுத்து மாட்டியது.

"பக்கம், வலைப்பூ, மன்றம் மூணும் ஒண்ணுலயே இருக்கு. நிறத்தைப் பாரு தம்பி."

"பழைய பதிலெல்லாம் இதுல வருமான்னு பார்த்தீங்களா அண்ணே?"

"கேள்வி வந்துடுச்சு. பதில் வரல. பழைய தளத்தை அழிச்சாச்சு. பதில் எழுதவா ஆளில்ல?"

"அறுபது கோடை நடந்து பார்த்து எழுதினவர் அவர். உங்களுக்கு நிறம் போதுமாக்கும்," என்றது மைனா.

காகம் இறகைக் கோதிக்கொண்டது.

இந்தக் கோடையில் மன்றம் முழுக்க "தண்ணீர் எங்கே?" என்ற கேள்விதான். உறுப்பினர் பட்டியலில் ஆமையின் பெயர் இருக்கிறது. அதன் எதிரே, பதில்கள்: பூஜ்யம்.